உறையோடு ஒட்டிக்கொண்ட எழுத்து: போட்டோக் கொப்பி இயந்திரத்துக்குள் நடப்பது என்ன?

"இழுக்காதீங்கம்மா! இழுத்தா எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோட போயிரும்."

மடுல்சீமை பஸாரில் உள்ள ஒரு சிறிய போட்டோக் கொப்பிக் கடையில், கடைக்கார அண்ணன் இப்படிச் சத்தமிட்டபோது பெரியம்மாவின் கை அப்படியே நின்றது. அவருடைய விரல்களுக்கு இடையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஒரு தாள். 2009ஆம் ஆண்டு பெரியம்மா தன் மகனைப் பற்றிக் கொடுத்த முறைப்பாட்டின் போட்டோக் கொப்பி அது. மூலப்பிரதி எங்கே என்று யாருக்கும் தெரியாது. முறைப்பாடு கொடுத்ததற்கு அவரிடம் எஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

பெரியம்மா பிறந்தது மடுல்சீமையில், ஒரு தோட்டத்து லயத்தில். 1977 வன்செயலுக்குப் பிறகு பதுளைப் பக்கத்திலிருந்து வன்னிக்குப் போன பல மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிளிநொச்சியில் காடு வெட்டி, வீடு கட்டி, மறுபடி மறுபடி இடம்பெயர்ந்து, கடைசியில் 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தார்கள். பாலத்தைக் கடந்த பிறகு அண்ணாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் மடுல்சீமைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு எழுத்து. அடையாள அட்டையில் உள்ள பெரியம்மாவின் பெயரும், அண்ணாவின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயராக உள்ளதும் பொருந்தவில்லை என்று ஒரு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பெரியம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடி எடுக்க வேண்டும். அதற்கு முன், கையில் உள்ள எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து வைப்போம் என்றுதான் அந்தக் கடைக்குள் நுழைந்தோம்.

கடைக்கார அண்ணன் தாளை உறையிலிருந்து எடுக்கவில்லை. உறையோடு சேர்த்தே கண்ணாடி மேல் குப்புற வைத்து ஒரு கொப்பி எடுத்தார். எழுத்துகள் அத்தனையும் வந்தன. மேலும் இரண்டு எடுத்தார். அதற்குப் பிறகே உறையின் ஓரத்தைக் கத்தரித்து மெல்லப் பிரித்தார். அவர் சொன்னது போலவே நடந்தது. ஏறக்குறைய பாதி எழுத்துகள் தாளில் இல்லை. பிளாஸ்டிக்கின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது மை இல்ல தம்பி. தூள். உருக்கி ஒட்ட வச்ச பிளாஸ்டிக் தூள்," என்றார்.

நான் ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவன். அச்சுக்கலையின் வரலாற்றைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். ஆனாலும் வாழ்நாள் முழுவதும் கையில் வைத்திருந்த போட்டோக் கொப்பி எதனால் ஆனது என்பதை அன்றுதான் யோசித்தேன். எங்கள் சனங்களைப் போல் போட்டோக் கொப்பிக் கட்டுகளைச் சுமந்து திரிகிறவர்கள் குறைவு. ஆகவே அந்தத் தூளைப் பற்றி நாம் அறிந்திருப்பது நல்லது.

ஒரு கைக்குட்டை, கொஞ்சம் கந்தகம்

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர். ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை செய்தவர். ஆவணங்களுக்குப் பிரதி எடுப்பது அன்று பெரும்பாடு. கையால் எழுத வேண்டும், தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது செலவழித்துப் புகைப்படம் பிடிக்க வேண்டும். மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட கார்ல்சன் வேறு வழி தேடினார்.

1938 ஒக்டோபர் 22ஆம் திகதி, நியூயோர்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறையில், ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஒட்டோ கோர்னாய் என்ற உதவியாளருடன் அவர் முதல் பிரதியை எடுத்தார். கந்தகம் பூசிய நாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். எழுத்து எழுதிய கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து ஒளி பாய்ச்சினார்கள். லைகோபோடியம் என்ற தாவரத்தின் நுண்தூளைத் தூவி ஊதியபோது, எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தூள் நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். அன்றைய திகதியும் அஸ்டோரியா என்ற ஊர்ப் பெயருமே உலகின் முதல் போட்டோக் கொப்பியில் இருந்த எழுத்துகள்.

இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1944இல் பட்டேல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. பிறகு ஹலொய்ட் என்ற சிறிய நிறுவனம் உரிமையை வாங்கி, 1948இல் இந்த முறையை உலகுக்கு அறிவித்தது. அந்த நிறுவனமே பின்னாளில் ஜெரொக்ஸ் ஆனது. 1959இல் அது அறிமுகப்படுத்திய 914 என்ற இயந்திரம்தான் அலுவலகங்களுக்குள் போட்டோக் கொப்பியைக் கொண்டு வந்தது.

இந்த 1948 என்ற ஆண்டு எங்களுக்கு வேறொரு காரணத்தால் மறக்க முடியாதது. அதே ஆண்டில்தான் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபித்துக் காட்டு என்றது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரு நாடுகளுக்கிடையே கணக்குப் போட்டுப் பிரிக்கத் தொடங்கியது. எஞ்சியோருக்காக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்கள் அல்லது அவர்களின் வழிவந்தவர்கள் என்பதே அளவுகோல். எங்கள் மூன்று தலைமுறைக்கும் வாழ்க்கை தாளில்தான் தொங்கியது.

ஒளி அழித்த இடமும் மிச்சமும்

இயந்திரத்தின் நடுவில் ஒரு உருளை இருக்கிறது. கடைக்காரர்கள் அதை ட்ரம் என்பார்கள். அதன் மேற்பூச்சுக்கு ஒரு குணம் உண்டு: இருளில் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஒளி பட்ட இடத்தில் விட்டுவிடும். ஆரம்பத்தில் இதற்குச் செலீனியம் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் சேதன ஒளிக்கடத்திப் பூச்சு.

முதலில் ட்ரம் முழுவதும் ஒரே சீராக மின்னேற்றப்படுகிறது. லேசர் பிரின்டர் ஒன்றில் அது ஏறத்தாழ மறை 600 வோல்ட். பழைய கொப்பி இயந்திரத்தில், மூலத் தாளின் வெள்ளைப் பகுதியிலிருந்து தெறிக்கும் ஒளி ட்ரம்மில் பட்டு அந்த இடத்து ஏற்றத்தை அழிக்கும். எழுத்து கறுப்பாக இருப்பதால் அங்கிருந்து ஒளி வராது; எழுத்தின் வடிவில் ஏற்றம் மிஞ்சும். அதற்கு எதிரான ஏற்றம் கொண்ட தூள் அங்கே போய் ஒட்டும்.

லேசர் இயந்திரத்தில் கதை தலைகீழ். எழுத்து வர வேண்டிய இடத்தில்தான் லேசர் ஒளி படுகிறது. அங்கே 600 வோல்ட் ஏறத்தாழ 100 ஆகக் குறைகிறது. தூளும் மறையேற்றம் கொண்டது. அதனால் 600 உள்ள இடம் அதைத் தள்ளிவிடுகிறது. 100 உள்ள இடத்தில் அது குடியேறுகிறது.

இப்போது ட்ரம்மில் ஒரு படம் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரிய வைப்பது தூளின் வேலை. காந்தம் வருவது இங்கேதான்.

காந்தம் செய்யும் வேலை

அண்ணனிடம் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று பெரிய கொப்பி மெஷின், மற்றது சின்ன லேசர் பிரின்டர். மழை பெய்துகொண்டிருந்தது, வேறு ஆட்களும் இல்லை. பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்து வந்தார். சின்ன பிரின்டரின் டோனர்த் தூளை ஒரு தாளில் சிறிது கொட்டி, அடியில் காந்தத்தைப் பிடித்தார். தூள் சட்டென்று முள்முள்ளாக எழுந்து நின்றது. காந்தத்தை நகர்த்த, முட்களும் கூடவே நகர்ந்தன.

பெரிய மெஷினின் டோனரைக் கொட்டிப் பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதே மெஷினில் போடும் டெவலப்பர் என்ற தூளைக் கொட்டினார். அது முன்னதைவிடப் பெரிய முட்களாக எழுந்தது.

இந்த இரண்டும் இரண்டு வழிகள்.

பெரிய மெஷினில் இருப்பது இரட்டைக் கலவை. டெவலப்பரில் இருப்பவை இரும்பு அல்லது பெரைட்டு மணிகள். டோனர்த் துகள் ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரோமீற்றர் அளவு, நம் தலைமுடியின் தடிப்பில் பத்திலொரு பங்கு. மணிகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. இரண்டையும் கலக்கிக் கலக்கி உரசும்போது டோனரில் ஒருவகை ஏற்றமும் மணியில் எதிர்வகை ஏற்றமும் உண்டாகின்றன. சீப்பைத் தலையில் உரசினால் கடதாசித் துண்டை இழுக்குமே, அதே உரசல் மின்தான். உள்ளே காந்தம் பொருத்திய ஓர் உருளை இந்த மணிகளைச் சங்கிலி சங்கிலியாக நிறுத்துகிறது. டோனர் பூசிய அந்தச் சங்கிலிகள் ஒரு தூரிகையின் மயிர்கள் போல ட்ரம்மைத் தடவிச் செல்லும். மின்விசை டோனரை மட்டும் பறித்துக்கொள்ளும். காந்தம் மணிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். இதற்குக் காந்தத் தூரிகை முறை என்று பெயர். 1950களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் இது உருவானது. அதற்கு முன் மணிகளையும் தூளையும் தகட்டின் மேல் அருவி போலக் கொட்டுவார்கள்.

சின்ன பிரின்டரில் மணிகளே இல்லை. காந்தத் தன்மை டோனருக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு துகளும் பிசின் வகைப் பிளாஸ்டிக்கும் மக்னடைற்று என்ற கறுப்பு இரும்பு ஒட்சைட்டும் கலந்து அரைத்தது. எடையில் பாதியளவுகூட இரும்பு ஒட்சைட்டு இருக்கலாம். சுழலும் ஓர் அலுமினியக் குழாய்க்குள் காந்தம் அசையாமல் இருக்கும். தூள் குழாயின் மேல் படியும். ஒரு தகடு அதை மெல்லிய படலமாகச் சீவிவிடும். அந்த உரசலில் துகள்கள் ஏற்றம் பெறும்.

குழாய்க்கும் ட்ரம்முக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான இடைவெளி. அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. அந்த இடைவெளியில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் தடவை திசை மாறும் மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. துகள்கள் அங்கும் இங்கும் பாய்கின்றன. எழுத்துள்ள இடத்தில் பாய்ந்தவை அங்கேயே தங்குகின்றன. வெற்றிடத்தில் பாய்ந்தவை திரும்பி வருகின்றன. ஜப்பானின் கெனன் நிறுவனம் 1970களின் இறுதியில் இந்தப் பாய்ச்சல் முறையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. 1982இல் ட்ரம்மும் டோனரும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய சிறிய கொப்பி இயந்திரத்தையும் அதே நிறுவனம் விற்கத் தொடங்கியது. மலைமேல் ஒரு பஸாரில் தொழில்நுட்பவியலாளர் இல்லாமலே ஒரு கடை நடக்க முடிவது இதனால்தான்.

இங்கே காந்தத்துக்கு இரட்டை வேலை. தூளைச் சிந்தாமல் சுமந்து வருவது ஒன்று. போதிய ஏற்றம் பெறாத துகள்கள் வெள்ளைப் பகுதிக்கு ஓடிவிடாமல் பிடித்து வைப்பது மற்றது. மின்விசை வலுவாக இழுக்கும் இடத்தில் மட்டுமே காந்தம் தோற்கும். மற்ற எல்லா இடத்திலும் காந்தமே வெல்லும். வெள்ளை வெள்ளையாக இருப்பது அந்தப் பிடியால்தான். மக்னடைற்று கறுப்பு என்பதால் நிற டோனர்களில் இதைச் சேர்க்க முடியாது. நிற இயந்திரங்கள் மணிகளையோ, காந்தமில்லாத வேறு முறையையோ நம்புகின்றன.

அடுத்து, தாளின் பின்புறத்தில் எதிர் ஏற்றம் கொடுத்து, ட்ரம்மில் உள்ள தூளைத் தாளுக்கு இழுக்கிறார்கள். கடைசியில் ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உருளைகளுக்கு இடையே தாள் நசுங்கிச் செல்லும். தூள் உருகித் தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். வெளியே வரும் தாள் சூடாக இருப்பது இதனால்தான்.

புள்ளி போனால் பெயர் போகும்

மடுல்சீமையில் பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்துவிடும். அண்ணன் தாள் கட்டைப் பிரித்து வெளியே வைப்பதில்லை. தேவையான அளவு எடுத்துவிட்டு மறுபடி சுற்றி வைக்கிறார். ஈரத் தாளில் மின்னேற்றம் தங்காது, கசிந்துவிடும். தூள் முழுமையாக இறங்காது. இறங்கியதும் சரியாக உருகாது; வெப்பத்தில் ஒரு பங்கை ஈரம் குடித்துவிடும். அப்படி எடுத்த கொப்பி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மடிப்பில் உதிரும். மங்கலாக இருக்கிறது, விரலால் தேய்த்தால் தூள் வருகிறது என்றால், அந்த இடத்திலேயே வேறு கொப்பி கேளுங்கள்.

கொப்பியின் கொப்பி எடுப்பது இன்னொரு ஆபத்து. ஒவ்வொரு தடவையும் இயந்திரம் எது கறுப்பு, எது வெள்ளை என்று புதிதாகத் தீர்மானிக்கிறது. மெல்லிய கோடு கரையும், சிறிய சுழி அடைபடும். தமிழில் இது வெறும் அழகுக் குறைவு அல்ல. புள்ளி ஒன்று காணாமல் போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ண, ன என்ற எழுத்துகளின் சுழி நிறைந்துவிட்டால் எது எதுவென்று தெரியாது. பெரியம்மாவின் சிக்கலும் இதுதானோ என்று அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது. எப்போதோ, யாரோ ஒரு மங்கலான கொப்பியைப் பார்த்துப் பெயரைப் பதிந்திருக்கலாம்.

முறைப்பாட்டுடன் இருந்த இன்னொரு தாளில் அண்ணாவின் அடையாள அட்டைக் கொப்பி இருந்தது. தலைமுடியின் ஓரம் கறுப்பாகவும் நடு வெளிறியும் இருந்தது. மின்புலம் ஓரங்களில் வலுவாகவும் அகன்ற கறுப்பின் நடுவில் பலவீனமாகவும் இருப்பதால் வரும் குறை இது. டெவலப்பர் உருளையை ட்ரம்முக்கு மிக நெருக்கமாக வைப்பதன் ஒரு நோக்கம் இதைச் சரிசெய்வதே. பழகிக் களைத்த இயந்திரங்களில் குறை மறுபடி தலைகாட்டும். பெரியம்மாவுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. "அவன் தலை இப்படி நரைக்கல மகன்," என்று மட்டும் சொன்னார்.

நீரில் தப்பியது, நெகிழியில் அழிந்தது

பெரியம்மாவின் கட்டில் நான் கவனித்த விசித்திரம் ஒன்று உண்டு. 2009இல் அந்தக் கட்டு முழுவதும் நனைந்தது. பதிவாளர் ஊற்றுப்பேனையால் எழுதிய மூலச் சான்றிதழ்களில் மை பரவி நீல மேகமாகிவிட்டது. ரப்பர் முத்திரைகளும் அப்படியே. ஆனால் போட்டோக் கொப்பிகளில் ஓர் எழுத்தும் கரையவில்லை. டோனரில் உள்ள பிசின் நீரில் கரையாது. அதிலுள்ள காபனும் இரும்பு ஒட்சைட்டும் வெயிலில் வெளிறாது. மூலம் அழிந்து பிரதி தப்பியது.

அப்படித் தப்பிய தாள், பிறகு நாங்கள் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்ட உறைக்குள் அழிந்தது. பி.வி.சி. என்ற வகைப் பிளாஸ்டிக்கை மென்மையாக்க ஒரு எண்ணெய்த்தன்மையுள்ள பொருளைச் சேர்ப்பார்கள். அது மெதுவாகக் கசிந்து டோனர்ப் பிசினை இளக்கும். இளகிய எழுத்து உறையோடு ஒட்டும். தகரக் கூரையின் வெப்பமும், கட்டின் பாரமும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு கட்டு இருந்தால்:

ஒட்டியிருக்கும் தாளை இழுக்காதீர்கள். உறையோடு வைத்தே முதலில் கொப்பி எடுங்கள், அல்லது தொலைபேசியில் படம் பிடியுங்கள். ஏற்கெனவே பிரிந்து எழுத்து பிளாஸ்டிக்கில் போய்விட்டதென்றால் அதை எறிய வேண்டாம். உறையைக் கத்தரித்து, எழுத்துள்ள பக்கத்தின் பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து பாருங்கள். எழுத்து நேராகவே தெரியும். அதைக் கொப்பி எடுக்கலாம்.

கொப்பித் தாள்களை மென்மையான, வாடை வீசும் பிளாஸ்டிக்கில் வைக்க வேண்டாம். பொலிப்ரொப்பிலீன், பொலியெத்திலீன் உறைகள் பரவாயில்லை. இரண்டு தாளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாள் வைத்துக் கடதாசி உறையில் போடுவது அதைவிட நல்லது. மூலச் சான்றிதழ்களை லெமினேட் செய்யாதீர்கள். ஒட்டினால் பிரிக்க வழியில்லை. பழைய பெக்ஸ் தாள்களும் பற்றுச்சீட்டுகளும் பெரும்பாலும் வெப்பத்தில் கறுக்கும் தாள்கள். அவற்றில் தூளும் இல்லை, மையும் இல்லை. அவை வெளிறி வெறுமையாகும் முன் போட்டோக் கொப்பி எடுத்துவிடுங்கள்.

கொப்பியில் ஒரே மாதிரியான கறுப்புப் புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது ட்ரம்மில் உள்ள கீறல். ட்ரம் ஒரு சுற்றுச் சுற்றும் தூரமே அந்த இடைவெளி. 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறிய ட்ரம்மில் அது ஏறத்தாழ 75 மில்லிமீற்றர். ஆவணப் பரிசோதகர்கள் இந்தப் புள்ளிகளையும் டோனரின் காந்தத் தன்மையையும் வைத்து, ஒரு தாள் எந்த வகை இயந்திரத்தில் பிறந்தது என்று ஆராய்கிறார்கள். இரண்டு பக்கங்கள் ஒரே மெஷினில் எடுத்தவையா, இடையில் ஒன்று செருகப்பட்டதா என்று கேட்க முடியும். ஆகவே உங்கள் பழைய கொப்பியைப் புதியது வந்ததும் வீசிவிடாதீர்கள். அதன் அழுக்குப் புள்ளிக்கும் ஒரு சாட்சியம் உண்டு.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமல்போனோர் அலுவலகம் அமைக்கப்பட்டது. அதற்கு முன்னும் ஆணைக்குழுக்கள் வந்து போயின. ஒவ்வொன்றின் முன்னாலும் தாய்மார் இதே கட்டுகளை அவிழ்த்தார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதி கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது பதில். கையில் கிடைத்தது பெரும்பாலும் இன்னொரு தாள்.

மழை விட்ட பிறகு பதுளை பஸ்ஸுக்காக நின்றோம். புதிய மூன்று கொப்பிகளும் இன்னும் இளஞ்சூடாக இருந்தன. கடைக்கார அண்ணன் கொடுத்த கடதாசி உறையில் அவற்றைப் போட்டுப் பெரியம்மா மடியில் வைத்துக்கொண்டார். எழுத்து ஒட்டிய அந்தப் பழைய பிளாஸ்டிக்கைக் குப்பையில் போடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் மகன். அதுலயும் அவன் பேர் இருக்கு," என்றார்.